மாதா கோயில் ஒலிபெருக்கியும் ஜான்சியும்

பட்டினப்பாக்கத்தில் மீன் வைக்கும் ஐஸ் பெட்டிக்கு வீட்டுக்கொரு வண்ணம். பெட்டி எங்கே கிடந்தாலும் யாருடையது என்று சொல்லிவிடலாம். அம்மாவின் மீன் கடையில் வளர்ந்த ஜான்சிக்கு எதைக் கண்டாலும் "இது யாருது?" என்று கேட்கும் வழக்கம் அங்கே வந்ததுதான். இப்போது அவளுக்குத் தரமணியில் கம்ப்யூட்டர் வேலை.

மாதா கோயில் அறையில் ஒரு பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர் உண்டு. கடலில் காற்று பலப்படும் என்றால், மாலை செபம் முடிந்ததும் அதுதான் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை சொல்லும். சென்ற ஆடியில் ஒரு நாள், காற்று எச்சரிக்கை இருந்தும் அது வாயே திறக்கவில்லை. குவைத்தில் இருந்த எனக்கு ஊரிலிருந்து போனில் சேதி வந்தது. என் தம்பி ஜான்சன் விடியுமுன் படகெடுப்பவன். கரைக்குப் போனால் போனை வீட்டில் வைத்துவிடுவான். எங்கள் தெரு ஜான்சியைப் போனில் கூப்பிட்டேன்.

"டென்ஷன் ஆவாத அண்ணே. கோயில்லதான் கீறேன், லைன்லயே இரு."

பாடகர் குழு மர்சலினின் குரலும் கேட்டது. "திருவிழாப் பாட்டு ஏத்த எடம் பத்தலம்மா. பேரே புரியாத ஃபைலு ரெண்டு மூணு இருந்துச்சு, தூக்கிட்டேன்." கடவுச்சொல் தெரிந்தவர் அவர்.

"இன்னா மாமா, தெரியாத பெட்டின்னா கடல்ல வீசிடுவியா?"

aplay என்ற ஃபைலைக் காணோம் என்று திரையில் வந்ததை ஜான்சி எனக்குப் படித்துச் சொன்னாள். சத்தத்தை ஒலிக்கச் செய்வது அதுதானாம்.

"அப்போ மொத்தத்தையும் புதுசா ஏத்தணுமா? விடிஞ்சிடுமே!" என்றேன்.

"ஃபைலுதான் போச்சு. அது யாருதுன்னு மிஷினு மறக்கல."

dpkg -S /usr/bin/aplay என்று தட்டினாள். alsa-utils என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. லினக்ஸில் நிரல்கள் தொகுப்பு தொகுப்பாக வந்து இறங்கும். ஃபைலை அழித்தாலும், எந்தத் தொகுப்பு அதைக் கொண்டுவந்தது என்பது நினைவில் இருக்கும். அந்த ஒரு தொகுப்பை மட்டும் மறுபடி இறக்கினாள். மர்சலின் தூக்கிய மற்றவற்றுக்கும் அதே கேள்வி, அதே வைத்தியம்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. "நாளை பலத்த காற்று. கடலுக்குப் போக வேண்டாம்." குவைத்தில் என் காதிலும் விழுந்தது. ஜான்சி போனோடு கரைக்கு ஓடினாள்.

"யாரு லைன்ல, எங்கண்ணனா?" என்று ஜான்சன் சிரித்தான். "பொலம்பாம தூங்கச் சொல்லு. சேதி காதுல வுழுந்துச்சு, படக மேல இஸ்துக்கினு கீறோம்."