தங்கமுத்து கூரை ஏறினாள்

அரியாலைக் கல்யாண வீடுகளில் தங்கமுத்து தைத்த சட்டையை மற்றப் பெண்கள் தொட்டுப் பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்டவளை அறுபத்தேழாம் ஆண்டு மாரிகாலம் படாத பாடு படுத்தியது. மழை வந்தால் தையல் அறை ஒழுகும். மெசினை இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக இழுப்பதே வேலையாகிவிட்டது.

மேசன் வின்சன்ற் இரண்டு தரம் வந்து ஓடு மாற்றினான். இனி ஒரு சொட்டும் வராது என்று இரண்டு தரமும் சொன்னான். வந்தது. மூன்றாம் தரம் ஒழுகிய சொட்டு, நாலு நாளில் கல்யாணம் வைத்திருந்த பெண்ணின் பட்டுச் சட்டைக் கையில் விழுந்தது.

தங்கமுத்து அழவில்லை. கறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஊசி துருப்பிடித்துத் துணியில் விடும் கறை அவளுக்குத் தெரியாததா? இது துரு. ஓடு துருப்பிடிக்காது. பழைய வீட்டோடு பிறகு சேர்த்துக் கட்டிய அந்த அறையின் கூரை, வீட்டுச் சுவரில் வந்து முட்டும் இடத்தில், இடைவெளியை மறைக்க ஒரு தகரம் மடித்து வைத்திருந்தார்கள். இரும்பென்று மேலே இருந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் வெயில் எறித்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள். புருசன் கனகலிங்கம் பஸ் ஓட்டுபவர், அன்று லீவு.

"நீர் இறங்கும், தங்கமுத்து. நான் ஏறுறன்," என்றார்.

ஏறினார். மூன்றாம் படியில் தலை சுற்றி இறங்கிவிட்டார். ஒழுகுகிறதா என்று பார்க்க அவரை அறைக்குள் இருத்திவிட்டு, வாளித் தண்ணீரோடு அவளே மேலே போனாள்.

முதலில் ஓட்டில் ஊற்றினாள். உள்ளே ஒன்றுமில்லை. தகரத்தில் ஊற்றினாள். அப்போதும் இல்லை. பிறகு தகரத்துக்கு மேலே, சுவரில் ஊற்றினாள்.

"இஞ்சருங்கோ, இப்ப ஒழுகுதே?"

"ஓம். நேரே என்ரை தலையிலை."

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தகரத்தின் மேல்விளிம்பைச் சுவரோடு பிடித்திருந்த சீமெந்து உதிர்ந்து, விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. சுவரில் வழியும் மழை அதற்குள்ளால் தகரத்தின் பின்பக்கம் இறங்கியிருக்கிறது.

வின்சன்ற் வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தான். "அக்கா சொல்லுறது சரி. நான் ஓட்டைத்தான் பாத்தன்," என்றான். சுவரில் நீளமாகக் காடி வெட்டி, புதுத் தகரத்தின் விளிம்பை அதற்குள் செருகிச் சீமெந்தால் பூசினான். இதற்கிடையில் தங்கமுத்து மிச்சப் பட்டில் புதுக் கை வெட்டிச் சட்டையில் வைத்துத் தைத்து முடித்தாள்.

கல்யாணத்துக்கு முதல்நாள் மழை கொட்டியது. புருசனும் பெண்சாதியும் தையல் அறையில் தேத்தண்ணியோடு இருந்து முகட்டையே பார்த்தார்கள். ஒரு சொட்டும் இல்லை. கனகலிங்கம் எழுந்து, மெசினை அதன் பழைய இடத்துக்குத் தானே தள்ளி வைத்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புரட்டாதியிலும் அவள் கூரையில் நிற்பாள். கூரைத் தண்ணீர் ஓடும் பீலியில் அடைந்த சருகை அள்ளுவாள். தகரத்தில் துருப் பொட்டு இருக்கிறதா, பூச்சு வெடித்திருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள். பொம்பிளை கூரை ஏறுகிறாள் என்று முதல் வருடம் வேலிக்கு மேலால் சிரித்த பக்கத்து வீட்டு நாகேஸ்வரி, அடுத்த வருடம் தான் சமைக்கிற குசினிக் கூரையையும் ஒருக்கால் பார்க்கச் சொல்லிக் கேட்டு வந்தாள். தங்கமுத்து ஏணியோடு போனாள்.