கூப்பிடு தூரம்

நடைத் திருவிழாவுக்குத் திருக்கழுக்குன்றத்தில் லேசு, நடுத்தரம், கடினம் என்று மூன்று வரிசை. செங்கல்பட்டிலிருந்து வந்த, படிக்கத் தெரியாத நான் கூட்டம் குறைவாக இருந்த வரிசையில் நின்றுவிட்டேன். அது கடினமாம், மாமல்லபுரம் கடற்கரை வரைக்கும் நடக்க வேண்டுமாம். "நான் பாதியில வண்டி ஏறுற ஆளு இல்ல" என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டும் ஆயிற்று.

இப்போது ஏரிக்கரைப் பனைமரத்தடியில் உட்கார்ந்து குதிகால் கொப்புளத்தை ஊதுகிறேன். நடக்க முடியாதவர்களைத் திருப்பிக் கொண்டுபோக ஒரு மாட்டுவண்டி பின்னாலேயே வந்து நிற்கிறது. மாடு என்னையே பார்க்கிறது.

வழிகாட்டி காதர் பாய் கருவாட்டு வியாபாரி. வாரா வாரம் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இதே வழியில் சந்தைக்கு நடப்பவர்.

"இன்னும் எவ்ளோ தூரம் பாய்?"

"கூப்புடு தூரம்தான், நைனா."

"காலையில கொத்திமங்கலத்தத் தாண்டுறப்பவும் அதான சொன்ன?"

"ஆமா. என் வூட்டுக்காரி கடற்கரையில நின்னு கூப்டா, கொத்திமங்கலத்துல கீற எனுக்குக் கேக்கும்."

பாய் சிரிக்கவில்லை. நிஜமாகவே அதுதான் அவர் அளவு. நான் மெதுவாக எழுந்து நொண்டிக்கொண்டே போய் வண்டியில் ஏறுகிறேன்.

"இன்னாப்பா, ஏறிட்ட?"

"இன்னா பண்றது பாய்? செங்கல்பட்டுலேர்ந்து என் வூட்டுக்காரி கூப்டுறா. உனுக்குக் கேக்கல?"