கன்ஃபர்ம் சொல்லாத நஸ்ருன்னிசா

என் தங்கை நஸ்ருன்னிசா யாரையும் லேசில் நம்ப மாட்டாள். தண்ணீர் கேன் வந்தால் மூடியைத் திருகிப் பார்ப்பாள். ஆட்டோவில் ஏறினால் போனில் மேப்பைத் திறந்துகொண்டு, டிரைவருக்கு முன்னால் தானே திருப்பத்தைச் சொல்வாள். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, அவர் நந்தனத்தில் வேலை செய்வதாகச் சொன்ன ஆபீசுக்கே போய் ரிசப்ஷனில் விசாரித்துவிட்டு வந்தாள். என் கணவர் இன்றுவரை அதை மறக்கவில்லை. இப்படிப்பட்டவளைப் பைலட் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள் என்றபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

சின்ன ஊர்களுக்குப் பறக்கும் ஒரு விமானக் கம்பெனி அது. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின், முன்னால் பெரிய காற்றாடிகள். ஜெட்டைவிட இது சுலபமாக இருக்கும் என்று நான் நினைத்தேன். இல்லையாம். பறக்கும்போது ஒரு எஞ்சின் நின்றுபோனால் அந்தப் பக்கத்துக் காற்றாடியே விமானத்தைப் பிடித்து இழுக்குமாம். உடனே அதற்கான லீவரை இழுத்துக் காற்றாடியை அடக்க வேண்டும். பதற்றத்தில் தப்பான லீவரை இழுத்தால் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினும் போய்விடும். அதனால் யாரும் தனியாக இழுக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் லீவரில் கை வைத்து, இடது எஞ்சின் என்றால் ஒன்று, வலது என்றால் இரண்டு என்று நம்பரைச் சொல்லிக் கேட்பார். ஓட்டுபவர் பார்த்துவிட்டு "கன்ஃபர்ம்" என்று சொன்ன பிறகுதான் இழுக்க வேண்டும்.

கிண்டியில் ஒரு பெரிய கொட்டகைக்குள் சிமுலேட்டர் இருந்தது, தரையில் இருந்தபடியே பறக்கப் பழகும் பெட்டி. வீட்டில் பழக, விமானி அறையின் படத்தை அலமாரிக் கதவு முழுக்க ஒட்டியிருந்தாள். பிரசவத்துக்கு வந்திருந்த நான்தான் அவளுக்கு அடுத்த சீட். அவள் கை வைப்பாள், நான் குழந்தையைத் தட்டிக்கொண்டே கன்ஃபர்ம் என்பேன். ஒரு நாள் வேண்டுமென்றே தப்பான லீவரில் கை வைத்துப் பார்த்தாள். நான் அதற்கும் கன்ஃபர்ம் சொன்னேன். அன்று முழுவதும் எனக்குத் திட்டு.

அவளுக்கு விளையாட்டாக இருக்க முடியவில்லை. முதல் தேர்வில் தோற்றிருந்தாள். இன்னொரு முறை தோற்றால் வேலை இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மகள் பைலட் என்று சொல்லிச் சந்தோஷப்பட்ட அத்தா, அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

சிமுலேட்டரில் அவளுக்கு ஜோடி குருபிரசாத், மயிலாப்பூர்ப் பையன். பயிற்சி முடிந்ததும் அவன் நேராகப் பயிற்சியாளர் ஆரோக்கியநாதன் சாரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். முதலில் நஸ்ரு கண்டுகொள்ளவில்லை. அது தினப்படி வழக்கமானதும் அவளுக்குத் தூக்கம் போயிற்று. ஒரு நாள் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் அந்தக் கதவுக்கு அருகே நின்றாள். உள்ளே தன் பெயர் அடிபட்டதைக் கேட்டுவிட்டாள்.

"என்னைப் பத்திதான்கா போட்டுக் குடுத்துக்கினு கீறான்," என்றாள் வீட்டுக்கு வந்ததும். "தோத்தவகூட உக்கார மாட்டேன், ஆளை மாத்துங்கன்னு கேட்டிருப்பான்."

நானும் அவனைப் பார்க்காமலே வெறுத்தேன். அவன் கொடுத்த காபியைக் கூடக் குடிக்காதே என்றேன். அவள் ஏற்கெனவே குடிப்பதில்லையாம்.

தேர்வு அன்று வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். சிமுலேட்டரில் நஸ்ரு ஓட்டினாள், பக்கத்தில் குருபிரசாத். தரையை விட்டு எழும்பியதுமே தேர்வாளர் ஒரு எஞ்சினை நிறுத்தினார். மூக்கு இடது பக்கம் இழுத்தது. இவள் வலது காலை அழுத்தி நேராக்கினாள். குருபிரசாத் லீவரில் கை வைத்து, "நம்பர் டூ?" என்று கேட்டான்.

மற்றவர்கள் என்றால் அந்த அவசரத்தில் கன்ஃபர்ம் சொல்லியிருப்பார்கள். நான் நிச்சயம் சொல்லியிருப்பேன். இவளோ, தன்னைக் கவிழ்க்கப் பார்க்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாளாம். பிறகு தன் காலைப் பார்த்தாள். வலது கால் அழுத்துகிறது, இடது கால் சும்மா இருக்கிறது. சும்மா இருக்கும் காலின் பக்கம்தான் எஞ்சின் நின்றிருக்கும். எஞ்சின் மீட்டரின் முள்ளையும் பார்த்தாள். அதுவும் இடது எஞ்சின், நம்பர் ஒன் என்றே காட்டியது.

"இல்ல, கைய எடு. நம்பர் ஒன்."

அவன் கையை மாற்றினான். அவள் இன்னொரு முறை பார்த்துவிட்டு கன்ஃபர்ம் சொன்னாள். ஒற்றை எஞ்சினோடு விமானத்தை இறக்கினாள். அவள் பாஸ். அந்தத் தப்புக்காக அவனை மட்டும் மறுபடி தேர்வுக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அவனை மடக்கினாள். வேண்டுமென்றே கவிழ்க்கப் பார்த்தாயா, தினமும் அந்த அறையில் என்னைப் பற்றி என்ன பேசினாய் என்று கேட்டாள். பதற்றத்தில் அவனுக்கு வீட்டுத் தமிழ்தான் வந்ததாம்.

"அவசரத்துல நேக்கு இடது வலது கொழம்பிடறது நஸ்ரு. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். சார்கிட்ட சொல்லி அழுதுண்டிருந்தேன். மத்தவா எல்லாரும் நான் கை வெச்ச உடனே கன்ஃபர்ம்னுடறா. நீ ஒருத்திதான் பார்த்துட்டுச் சொல்ற. அதான் உன்னை மாத்திடாதேங்கோன்னு கேட்டுண்டேன்."

அவள் பஸ் ஏறி வந்துவிட்டாள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அத்தா கடையைப் பாதியில் சாத்திவிட்டு இனிப்போடு வந்தார். நஸ்ரு ஒரு துண்டைக் கூட வாயில் போடவில்லை. பால்கனிக்குப் போய் ஆரோக்கியநாதன் சாருக்குப் போன் செய்தாள். குருபிரசாத் சொன்னது உண்மையா என்றுதான் கேட்டாள். அப்போதும் அவளுக்குச் சந்தேகம்.

உண்மைதான் என்றார் அவர். உனக்குத் தகுதி இல்லை என்று நினைத்திருந்தால் நானே உன்னை மாற்றியிருப்பேன், மாற்ற வேண்டாம் என்று அவன் கெஞ்ச வேண்டிய அவசியமே இல்லை என்றும் சொன்னாராம்.

போனை வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். கேலி செய்யலாம் என்று வந்த நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அந்தப் பெட்டிக்குள்ள அவன் உசிரு என் கையில இருந்துதுக்கா," என்றாள். "தெரிஞ்சேதான் குடுத்து வெச்சிருக்கான். நான் அவன் குடுத்த காபியக் கூடக் குடிக்கல."

அவனுடைய மறு தேர்வுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார யாராவது வேண்டும். தானே வருவதாக அவனுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள்.