ராவுத்தர் வயல் ஆறு மா

திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் போகிற பக்கத்தில், புறவழிச்சாலை வந்த பிறகு நெல்லைவிடக் கல்தான் நன்றாக விளைகிறது. மனைக்கல்லைத்தான் சொல்கிறேன். அங்கே ஆறு மா நிலத்தை, ஏறக்குறைய இரண்டு ஏக்கரை, நாற்பது வருடமாகக் குத்தகைக்கு உழுதவர் பஞ்சநதம். நிலம் அப்துல் ரஹ்மான் ராவுத்தருடையது. ஊருக்கு அது ராவுத்தர் வயல். பஞ்சநதத்துக்கு மட்டும் ‘நம்ம வயல்’.

என்ன காலம் அது! மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று காதில் விழுந்ததும் ராவுத்தர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்கால் கரைக்கு வந்துவிடுவார். உழவு தெரியாது, ஆனால் யோசனை சொல்லாமல் இருக்க மாட்டார். பஞ்சநதமும் பவ்யமாகத் தலையை ஆட்டிவிட்டுத் தன் இஷ்டப்படியே செய்வார். நோன்பு மாதத்தில் ராவுத்தர் வீட்டுக் கஞ்சி தூக்குவாளியில் களத்துக்கே வரும். அந்த வாசனையை நினைத்தால் பஞ்சநதத்துக்கு இன்றும் கண் கலங்கும்.

அந்த நல்ல காலத்தில்தான் அந்தத் தப்பும் நடந்தது. குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிய ஓர் அதிகாரி வந்து, ராவுத்தர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து விசாரித்தார். பதிந்தால் நிலம் கையைவிட்டுப் போய்விடும் என்று நிலக்காரர்களெல்லாம் பயந்துகொண்டிருந்த சமயம். ராவுத்தர் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. பஞ்சநதமே முந்திக்கொண்டு, “குத்தகையெல்லாம் இல்லீங்க, நான் கூலிதாங்க” என்று சொல்லிக் கைநாட்டும் வைத்தார். விசுவாசமாம்! அவர் மனைவி அமிர்தம் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது ராவுத்தர் இல்லை. துபாயிலிருந்து வந்த ஒரே மகன் ஆஸிம், மனை போடுகிறவர்களிடம் நிலத்தைப் பேசி முடித்துவிட்டான். விற்கும்போது குத்தகைக்காரருக்கு மூன்றில் ஒரு பங்கை விடுவது அந்த ஊர் வழக்கம். அந்த இரண்டு மா கிடைத்தால் பஞ்சநதம் கடைசி வரை நாற்று விடலாம். கிடைக்காவிட்டால், எழுபது வயதில் அவருக்குக் கால் வைக்க ஒரு வரப்புகூடக் கிடையாது.

ஆஸிம் கெட்டவன் இல்லை. கைநாட்டு வைத்த அந்தப் பழைய காகிதத்தைக் காட்டி, “நீங்களே கூலின்னுதானே சொல்லியிருக்கீங்க, மாமா? நான் என்ன செய்யட்டும்?” என்றான். பஞ்சநதம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, ராவுத்தரின் மனைவி கமருன்னிஸா ஆள் அனுப்பிப் பஞ்சநதத்தைப் பத்திரம் எழுதுகிற கடைக்கு வரவழைத்தார். ஆஸிமும் அங்கே இருந்தான். நிலத்தில் கமருன்னிஸாவுக்கும் பாத்தியம் உண்டு. அவர் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது.

“மொதல்ல அண்ணனுக்கு ரெண்டு மா எழுதுங்க, வாய்க்கால் ஓரமா. அப்புறந்தான் மத்ததுல நான் கையெழுத்துப் போடுவேன்” என்றார். பிறகு மகனிடம் திரும்பினார். “அன்னிக்கு அண்ணன் எங்களுக்காகச் சொன்ன பொய்யைக் கதவுக்குப் பின்னாலேர்ந்து கேட்டுக்கிட்டுதான் நின்னேன். உங்க அத்தாவும் கேட்டாங்க. ரெண்டு பேரும் சும்மா இருந்துட்டோம். மௌத்தாகிக் கண்ணை மூடுற வரைக்கும் அது உங்க அத்தாவை உறுத்திக்கிட்டே இருந்துச்சு.”

ஆஸிம் ஒரு நாற்காலியை இழுத்துப் பஞ்சநதத்துக்குப் போட்டான்.

பத்திரம் எழுதுகிறவர் பஞ்சநதத்தின் பெயர், தகப்பனார் பெயர், வயது எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்.

“தொழில்?”

“கூலிங்க” என்றார் பஞ்சநதம், பழைய பழக்கத்தில்.

“குத்தகை விவசாயம்னு எழுதுங்க” என்றார் கமருன்னிஸா.

பஞ்சநதம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.