அரைப்பேர்

பேய் பிசாசுன்னு யாராவது வாயத் தொறந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன், கோடாங்கி அடிக்கிற எடத்துல கூட நின்னதில்ல. அதனால நீங்க உதட்டக் கடிச்சுக்கிட்டு சிரிப்ப அடக்குறது எனக்குப் புரியுது. சிரிங்க. நம்புனா நம்புங்க, நம்பாட்டி டீயக் குடிச்சிட்டுப் போங்க, நடந்தத நான் மாத்திச் சொல்ல முடியாது.

ரெண்டாயிரத்து மூணு. பசறைக்கு மேல ஒரு தோட்டம், பேரு வேணாம். பதுளையில ஆறு மாசம் கம்ப்யூட்டர் படிச்சிட்டு வந்து தோட்டத்து ஆபீஸ்ல உக்காந்திருந்தேன். செக்ரோல், அதான் வேலைக்கு வந்தவங்களப் பதியிற புத்தகம், அதக் கம்ப்யூட்டருக்குள்ள ஏத்துனது நான் தான். எங்க பக்கம் ஒரு நா முழுசா வேலை செஞ்சா ஒரு பேர், பாதியில போயிட்டா அரைப்பேர். "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?"ன்னு தான் கேப்பாங்க.

கொழும்புல இருந்து உத்தரவு வந்துச்சு, எல்லாருக்கும் அடையாள அட்டை நம்பர் சேக்கணும்னு. அதுக்குப் புதுசா ஒரு கட்டம் போட்டேன், பிரிண்ட் எடுத்தா தாளுக்கு வெளிய ஓடுது. எங்க கிளாக்கரையா யாழ்ப்பாணத்து மனுசன், எட்டிப் பாத்துட்டு, "உந்தப் பேரை வெட்டும் தம்பி. நம்பர் கிடக்குத்தானே, பேர் என்னத்துக்கு?"ன்னாரு. பேருக்குப் பதினேழு எழுத்து எடம் விட்டிருந்தேன், அத ஆறாக்குனேன். வெட்டுப்படுறது திரும்ப வராது, சரியான்னு கம்ப்யூட்டரே கேட்டுச்சு. ஒரு பிரதி எடுத்து வச்சிட்டுச் செஞ்சிருக்கணும். கொழுப்பு. சரின்னு அமுக்கிட்டேன்.

எங்க ஆளுங்க பேரெல்லாம் செல்லம்மா, ராமாயின்னு சின்னது. மூணே பேரு தான் வெட்டுப்பட்டுச்சு. முத்துக்கருப்பன் 'முத்துக்கரு' ஆனான். சுப்பிரமணியம் 'சுப்பிரமணி'. மூணாவது என் பொண்டாட்டி பாக்கியலெட்சுமி, கொழுந்து எடுக்கிறவ. 'பாக்கியலெட்'டுன்னு நின்னுச்சு. நான் சிரிச்சேன், பாவி, வாய் விட்டுச் சிரிச்சேன்.

அரை மணி நேரம் ஆயிருக்காது, பேக்டரியில ஒரே கூச்சல். ஓடுனா, முத்துக்கருப்பன் கை ரோலருக்குள்ள போயிருச்சு, தோள்பட்டையோட. மெசின நிறுத்துறதுக்குள்ள அரைச்ச கொழுந்தோட சேந்து கீழ கொட்டிருச்சு. அவன் கத்தக் கூட இல்ல, வாயத் தொறந்தபடியே என்னைய பாத்துக்கிட்டு நின்னான். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே செத்தான். நான் ஆபீஸுக்கு வந்து கையில இருந்த ரத்தத்தக் கழுவுறேன், அதுக்குள்ள கவ்வாத்து மலையில இருந்து ஆள் ஓடி வருது. செடி வெட்டிக்கிட்டிருந்த சுப்பிரமணியம், கத்தியத் தன் முழங்கால்லயே போட்டுக்கிட்டானாம், கால் தோல்ல தொங்குதாம்.

கிளாக்கரையா பேனாவக் கீழ வைக்கல. "ரெண்டு பேருக்கும் அரைப்பேர் போடும் தம்பி. மத்தியானத்துக்கு முன்னமே போயிட்டினம்."

அரைப்பேர். அந்தச் சொல்லக் கேட்டதும் தான், பேர அரையா வெட்டுனது நான்னு ஒறைச்சுச்சு. முன்னால லிஸ்டு கெடக்கு, அதுல ரெண்டு அரைப்பேருக்கும் கணக்கு முடிஞ்சிருச்சு. மிச்சம் ஒண்ணு.

எடத்தப் பெருசாக்குனா போன எழுத்து தானா வந்துருமா? வராது, நாமளே தான் அடிக்கணும். மறுபடியும் பதினேழுன்னு போட்டு, அவசரத்துல அவ பேர முழுசா அடிச்சு, பதிஞ்சிட்டு, மலைக்கு ஓடுனேன். செருப்பு எங்க போச்சுன்னு தெரியல.

கொழுந்து நிறுக்கிற எடத்துல லொறிக்குப் பக்கத்துல முழுசா நின்னா. எனக்கு அழுகையே வந்துருச்சு. "என்னங்க, ஏன் இப்பிடி ஓடி வாறீங்க?"ன்னு கேட்டுக்கிட்டே லொறி மேல கைய ஊனுனா. பின்கதவு இரும்புக் கதவு, அது தானா வந்து சாத்திக்கிச்சு. சுண்டு விரல் துண்டா என் கால் பக்கத்துல விழுந்துச்சு. டிரைவர எறக்கிப் போட்டு மிதிச்சு மூக்க ஒடச்சிட்டேன். அவன் முன்னால ஸ்டியரிங்ல உக்காந்திருந்தான், கதவ யாருமே தொடலன்னு அப்புறம் தான் சொன்னாங்க.

மறுநா ஆபீஸுக்குப் போய்ப் பாத்தேன். பதினேழுன்னு அடிச்சதுல முன்னால இருக்குற ஒண்ணு விழல, ஏழு மட்டும் விழுந்திருக்கு. ஏழு எழுத்துக்குத் தான் எடம். 'பாக்கியலெட்சு'ன்னு நிக்குது. ஒரு எழுத்து கொறை, ஒரு விரல் கொறை. மானிட்டரத் தூக்கித் தரையில அடிச்சேன், வேலை போச்சு, போகட்டும்.

விரல் போன அன்னைக்கே, கட்டுப் போடுறப்ப நர்ஸம்மா பேர் கேட்டாங்க. "பாக்கியலெட்சு"ன்னா. வலியில சொல்றான்னு நெனச்சேன். போன மாசம் பிரஷர் கிளினிக்லயும் அதே தான். "முழுப்பேர் சொல்லுங்கம்மா"ன்னாங்க. "அதான் சொன்னேனே"ன்னு என்னைய மொறைக்கிறா. கோயில்ல சாமிய லெட்சுமின்னு முழுசா தான் கும்பிடுறா. அவ பேருக்கு மட்டும் அந்த 'மி' இத்தன வருசத்துல ஒரு தடவை கூட வாயில வந்ததில்ல, வந்ததா தான் அவ நெனச்சுக்கிட்டிருக்கா. உள்ள தான் சமைச்சுக்கிட்டிருக்கா, கூப்புடுறேன், நீங்களே கேளுங்க.