தம்பிக்கு எதிராக ஒரு சாட்சி

தென்னிலங்கையில் திக்வெல்லைக்கு உள்ளே, தென்னந்தோப்பு ஓரத்து ஓட்டு வீட்டில் ஸ்ரீயாலதா தன் தாயோடும் தம்பி ஜயலத்தோடும் இருந்தாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சீருடை தைத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. கல்யாணம் இரண்டு முறை கூடி வந்து கலைந்துபோனது. தகப்பன் இறந்தபோது தம்பிக்கு ஒன்றரை வயது. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

அன்று பௌர்ணமி, போயா விடுமுறை. தாய் உட்பட ஊரே வெள்ளை உடுத்துப் பன்சலைக்கு, புத்த விகாரைக்குப் போயிருந்தது. காய்ச்சலில் ஸ்ரீயாலதா வீட்டிலேயே படுத்திருந்தாள். போயாவுக்குச் சாராயக் கடை திறக்காது என்பதால் ஜயலத் முந்தின நாளே கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் வாங்கி, கிணற்றடித் தேங்காய் மட்டைகளுக்குள் ஒளித்து வைத்திருந்தான். மத்தியானம் அதில் பாதியைக் குடித்தான். முகம் கழுவிச் சட்டை மாற்றினான். வாசலில் நின்று தலை சீவிக்கொண்டே கேட்டான்.

“அக்கா, கீழ் வீட்டுக்காரங்க எல்லாரும் பன்சலைக்குப் போயிட்டாங்களா?”

“இரங்கனி மட்டும் இருக்கா. படுத்த படுக்கையா கிடக்கிற அப்பாவை விட்டுட்டு அவ எங்க போவா?”

“நாயைக் கட்டியிருக்காங்களா?”

“கட்டித்தான் இருக்கும். உனக்கெதுக்கு அவங்க நாய்?”

அவன் சீப்பைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு இறங்கிப் போனான். அவளுக்குக் கண் சொக்கியது.

அலறல் கேட்டு அவள் தள்ளாடி ஓடியபோது ஜயலத் வேலி தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். சமையலறைச் சுவரோடு ஒட்டி, கிழிந்த உடையை இரண்டு கையாலும் பிடித்தபடி இரங்கனி உட்கார்ந்திருந்தாள். உள்ளறையில் அவள் தகப்பன் எழ முடியாமல் மகளின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். ஸ்ரீயாலதா தன் போர்வையை அந்தப் பெண்மேல் போட்டுப் பக்கத்தில் உட்காரப் போனாள். இரங்கனி உடம்பைச் சுருக்கி நகர்ந்துகொண்டாள்.

வழக்கு விசாரணைக்கு வர இரண்டு வருடம் ஆனது. குடிபோதையில் ஜயலத் சுயநினைவே இல்லாமல் இருந்தான் என்பதுதான் அவனுடைய வக்கீலின் வாதம். சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் தாய் ஸ்ரீயாலதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மகளே, நிக்கக்கூட முடியாமக் கிடந்தான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. குடிதான் செஞ்சது. என் பிள்ளை செய்யல.”

“குடி வந்து நாயைக் கட்டியிருக்கான்னு கேட்குமாம்மா?”

தாய் கையை விட்டாள். “நீ ஒண்ணைப் பெத்திருந்தாத் தெரியும்டி.”

மாத்தறை நீதிமன்றத்தில் ஸ்ரீயாலதா எல்லாவற்றையும் சொன்னாள். குடித்திருந்தான், கால் தடுமாறவில்லை. யார் யார் இல்லை என்று கேட்டான், நாயைப் பற்றிக் கேட்டான். இரங்கனி தனியாக இருக்கிறாள் என்று அவனிடம் சொன்னது தான்தான் என்பதையும் சொன்னாள். அதைப் பற்றி அதுவரை அவளிடம் யாருமே கேட்டிருக்கவில்லை.

பன்னிரண்டு வருடச் சிறை என்று தீர்ப்பானது. தாய் அன்றைக்கே தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஸ்ரீயாலதா இரண்டு தடவை போய்ப் பார்த்தாள். இரண்டு தடவையும் மாமி வாசலில் நின்றபடியே, “அவங்க தூங்குறாங்க” என்றாள். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது.

தம்பிக்குப் பரிந்தவர்கள் அவளிடம் துணி கொடுப்பதை நிறுத்தினார்கள். இரங்கனிக்காக அழுதவர்களும் ‘அவனோட அக்காதானே’ என்று ஒதுங்கினார்கள். இரங்கனி வீட்டார் ஊரைவிட்டே போனார்கள். பகல் முழுக்கத் தையல் இயந்திரம் மிதிக்கும்போது, அந்தப் போயா மத்தியானம் தான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு திரும்பத் திரும்ப வரும். அதைச் சொல்லி அழ ஆளில்லை.

மாதம் ஒருமுறை சோறும் கருவாட்டுக் கறியும் கட்டிக்கொண்டு சிறைக்குப் போனாள். ஜயலத் அவளைப் பார்க்க வர மறுத்தான். பொட்டலத்தைக் காவலரிடம் கொடுத்துவிட்டுத் திரும்புவாள். மூன்றாம் வருடம் ஒரு நாள் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். முன்தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

“குடிச்சிருந்தான்னு மட்டும் சொல்லியிருக்கலாமேக்கா.”

“அதையும் சொன்னேனே, தம்பி.”



“அம்மா எப்படி இருக்காங்க?”

தாயின் முகத்தை அவள் பார்த்தே இரண்டு வருடத்துக்கு மேலாகிறது.

“நல்லா இருக்காங்க,” என்றாள். “நேத்துகூட உன்னைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம்.”