அண்ணனூர் அக்கா

எங்கள் வீட்டின் வாரிசுச் சான்றிதழில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. அம்மா, நான், தம்பி. ஆனால் ஒரு நாள் மட்டும் நாங்கள் நான்கு பேராக இருந்தோம். அந்த நான்காவது ஆளைச் சேர்த்துவிட்டவள் நான்.

அப்போது எனக்கு ஏழு வயது. அண்ணனூர் மின்ரயில் பணிமனையில் ஃபிட்டராக இருந்த அப்பா மாரடைப்பில் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. சேக்காட்டில் எங்கள் வீட்டில் அழுகை ஓய்ந்து காகிதம் ஆரம்பித்திருந்தது. குடும்ப ஓய்வூதியம் வர வேண்டுமா, பேங்கில் இருப்பதை எடுக்க வேண்டுமா, அப்பாவுக்குப் பதிலாக அம்மாவுக்கு ஒரு வேலை கேட்க வேண்டுமா, எல்லோரும் கேட்டது அந்த ஒரு சான்றிதழைத்தான். அதுவரை தனியாக ரேஷன் கடையைத் தாண்டிப் போகாத அம்மா, ஜெராக்ஸ் கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்ததுமே எத்தனை காப்பி என்று கேட்கும் அளவுக்குத் தேறியிருந்தாள்.

கடைசியில் விசாரணைக்காக வருவாய் ஆய்வாளர் எங்கள் வீட்டுக்கே வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மாள். ஆர்.ஐ. மேடம் என்றார்கள். சாட்சிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் அக்காவான எங்கள் அத்தை காபி போட்டுக் கொடுத்தாள். இறந்தவருக்கு வேறு மனைவி உண்டா, வேறு பிள்ளைகள் உண்டா என்று படிவத்தில் இருப்பதை மேடம் கேட்டார். எல்லோரும் இல்லை என்றார்கள். கையெழுத்துகள் ஆயின. மேடம் பேனாவை மூடிவிட்டு, காபியை ஆற்றிக்கொண்டே, சும்மா இருக்கிற குழந்தையிடம் ஏதாவது பேச வேண்டுமே என்று என்னைக் கேட்டார்.

"அப்பாவுக்கு எத்தனை புள்ளைங்க பாப்பா?"

"மூணு" என்றேன்.

"மூணா?"

"ஆமா. நானு, தம்பி, அண்ணனூர்ல அக்கா."

காபி ஆறுவது நின்றது. "அக்காவுக்கு என்ன வயசு?"

"பன்னெண்டு. அப்பாதான் சொன்னாரு."

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கல்யாணமாகி அப்போது ஒன்பது வருடம். அறையில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கழித்துப் பார்த்தார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. சாட்சிகளில் ஒருவர் விட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இன்னாடி சொல்ற நீ?" என்றாள் அத்தை. "கொயந்த ஏதோ ஒளறுது மேடம். என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல."

மேடம் பேனாவை மறுபடி திறந்தார். "இருக்கலாம்மா. ஆனா காதுல விழுந்துடுச்சு. என்ன ஏதுன்னு தெரியாம நான் மேல அனுப்ப முடியாது. நாளைக்கு ஆபீசுக்கு வந்து சொல்லுங்க."

என்னிடம் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எனக்கு அதில் எந்தக் குழப்பமும் இல்லை. குழந்தை முன்னால் பேசக்கூடாத விஷயம் என்று என்னை வெளியே விளையாட அனுப்பினார்கள். நான் ஜன்னலுக்கு அடியில் விளையாடினேன்.

"கண்டுக்காத" என்று அத்தை சொல்வது கேட்டது. "அப்படி யாரும் இல்லன்னு எழுதிக் குட்த்துட்டு வந்துரு. பேரு சேர்ந்துச்சுன்னா நாளைக்குப் பங்கு கேட்டுகினு ஊட்டு வாசல்ல வந்து நிப்பாங்க."

பிறகு அம்மாவின் குரல். "இருந்தா, அதுவும் அப்பன் இல்லாத புள்ளதானே அண்ணி."

மறுநாள் காலை தம்பியை அத்தையிடம் விட்டுவிட்டு அம்மா என்னை ஆவடி ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கல்யாண வீட்டுக்குப் போவதுபோல நல்ல புடவை கட்டி, முந்தின நாள் சாயங்காலம் கடைத்தெருவுக்கு எடுத்துப்போன பையைத் தோளில் மாட்டியிருந்தாள். அக்கா வீடு தெரியுமா என்று கேட்டாள். அப்பா எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போயிருக்கிறாரே, தெரியாமல் இருக்குமா என்றேன். என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது. அண்ணனூர் அடுத்த ஸ்டேஷன்தான். ரயிலில் அவ்வளவு நேரமும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள், இறங்கும்போது மட்டும் கேட்டாள்.

"எப்படி இருப்பா அவ?"

"ரொம்ப அழகு. மூக்குல மட்டும் ஒரு கீறல் இருக்கும்."

நடைமேம்பாலத்தில் ஏறி நடுவில் வந்ததும் நான் நின்றேன்.

"ஏன் நின்னுட்ட? வீடு எங்க?"

"இங்கேர்ந்துதான் தெரியும்."

கீழே பணிமனைத் தண்டவாளங்களில் மின்ரயில்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. நான் கம்பிக்குள் கையை விட்டுக் காட்டினேன். "அதோ பாரு, மூணாவதா. மூக்குல கீறல் தெரியுதா?"

அம்மா நான் காட்டிய இடத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி அங்கே பார்த்தாள்.

"ரயிலா?"

"அக்கா" என்றேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பா அந்தப் பணிமனையில் கைவைத்த முதல் வண்டி அது. வேலை முடிந்து நேரம் கழித்து வரும் நாட்களில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு என் காதில் சொல்வார், "மூத்தவளுக்கு உடம்பு சரியில்ல, அதான் லேட்டு." அம்மாவிடம் சொல்லாதே என்றும் சொல்வார். சொன்னால் திட்டுவாள் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம்.

இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா மேம்பாலப் படியில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு மாதத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வேறு வந்தது. கீரைக் கூடையோடு ஏறிவந்த ஒரு பெண் பதறிப்போய், "இன்னாம்மா, மயக்கமா கீதா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. என் மூத்த பொண்ண இப்பதான் மொத தடவ பாக்கறேன்" என்றாள் அம்மா. கீரைக்காரி இரண்டு பக்கமும் தேடிவிட்டுப் போனாள்.

பணிமனை வாசலில் சொல்லி அனுப்பியதும், அப்பாவோடு வேலை பார்த்த மீசை மாமா கைக்கிரீஸைத் துடைத்துக்கொண்டே வந்தார். விஷயத்தைக் கேட்டு லீவ் சொல்லிவிட்டு எங்களோடு ஆவடிக்குக் கிளம்பிவிட்டார். ஆர்.ஐ. மேடத்தின் மேஜை முன்னால் நின்று, கோர்ட்டில் சாட்சி சொல்பவர் மாதிரி சொன்னார்.

"ஆமா மேடம். அண்ணாத்தே அத பொண்ணுன்னுதான் கூப்புடுவாரு. ஸ்டேஷன்ல எவனோ கல்லால அட்ச்சி மூஞ்சியில கீறல் வுயுந்தப்போ அன்னிக்கு முயுக்க சோறு துன்னல."

மேடம் சிரிக்கவில்லை. மாமாவிடம் எழுதி வாங்கி, கையெழுத்தைச் சரிபார்த்து, கோப்பில் செருகினார். "ரயிலுக்கு வாரிசுரிமை கிடையாது" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்கக் குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆனது. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

சான்றிதழ் சீக்கிரமே வந்தது. ஓய்வூதியமும் வந்தது. அடுத்த வருடம் அம்மாவுக்கு அதே பணிமனை அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. அத்தை இன்றுவரை அந்த வழியாக ரயிலில் போகும்போதெல்லாம் எனக்கு போன் செய்து, உன் அக்காவில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று வம்புக்கு இழுப்பாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா கொண்டுபோன பையைக் கவிழ்த்தாள். காகிதக் கட்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக் கவர் விழுந்தது. உள்ளே மயில்நிறத்தில் புதுக் கவுன். எனக்குத்தான் என்று பிடுங்கிப் போட்டுக்கொண்டேன். தோள் இறங்கி, கணுக்கால் வரை தொங்கியது. பெற்ற பெண்ணின் அளவுகூடத் தெரியாமல் ஒரு அம்மாவா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"வளருவ இல்ல" என்று சொல்லி அம்மா அதை மடித்து பீரோவில் வைத்தாள்.

ஐந்து வருடம் கழித்து அது எனக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. கடைக்காரரிடம் என்ன வயசு சொல்லி அதை வாங்கினாள் என்று அப்போதும் நான் யோசிக்கவில்லை. நிறம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.